‘ரே’ வர வேண்டிய இடத்தில்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதுகூட அதிகம். அட்டை கிழிந்த ஒரு பத்திரிகையில், ராக் பாடகர்கள் இத்தாலியச் சொற்களை எப்படியெல்லாம் கடித்துக் குதறியிருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எதிரே இருந்தவர் எனக்கு வலி தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து, தன் முறையை விட்டுக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தது கட்டுரைதான். ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், கதைக்கு இது வேண்டும்.

இத்தாலியம் அதிகம் ஏமாற்றாத மொழி. எழுதியிருக்கிறபடி வாசித்தால் பெரும்பாலும் சரியாகத்தான் வரும். வம்பு எங்கே வருகிறது என்றால், அந்த மொழியும் ஆங்கிலமும் ஒரே எழுத்துகளை வைத்துக்கொண்டு வெவ்வேறு குடித்தனம் நடத்துகின்றன. ஒரு சொல்லின் கடைசியில் ‘ஈ’ (e) என்ற ஆங்கில எழுத்து வந்து நின்றால், ஆங்கிலம் அதைப் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லும். இத்தாலியம் அதை ‘ஏ’ என்று வாய்விட்டுச் சொல்ல வைக்கும். ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போன நாக்கு அந்தக் கடைசி ‘ஏ’யை விழுங்கிவிடும்.

விழுங்கினால் ஓர் அசை குறையும். பேச்சில் அது பெரிய விஷயமில்லை. பாட்டில் அப்படியில்லை. மெட்டு என்பது அசைகளுக்கு ஒதுக்கிய இருக்கைகள். ஒருவர் வரவில்லை என்றால் ஓர் இருக்கை காலியாகக் கிடக்கும்.

(இந்த இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. காலி இருக்கையில் யார் வந்து உட்கார்வார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்தவனுக்குக் கழுத்து நீளமாக இருந்தது.)

2

தொடங்கிப் பார்த்த விதங்கள்:

“அவள் மைக்கின் முன்னால் நின்றபோது, கடந்த காலம் ஓர் அலையைப் போல வந்து அவளை”

[வேண்டாம். அலைகளுக்கு வேறு வேலை இருக்கிறது.]

“கொக்கு செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவனுடைய கிட்டாரின்”

[கொக்கு யாரென்றே தெரியாமல் வாசகர் எதற்கு மூக்கைச் சிந்த வேண்டும்?]

“கல் அறுக்கும் எந்திரத்தில் ஒரு தகடு இருந்தது.”

இது பரவாயில்லை. இதிலிருந்து போகிறேன்.

3

கல் அறுக்கும் எந்திரத்தில் ஒரு தகடு இருந்தது. மஞ்சள் தகடு, சிவப்பு எழுத்து. பக்கத்தில் ஒரு கையின் படம் போட்டு, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

எந்திரம் இருந்தது ஒரு பட்டறையில். தரைக்கும் சமையல் மேடைக்கும் பளிங்குப் பலகைகள் அறுத்துக்கொடுக்கும் இடம். கல்லை அறுக்கும்போது வட்டக் கத்தி சூடேறாமலிருக்க அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் கல்தூளோடு கலந்து பால் மாதிரி தரையில் வழியும். விடுமுறை நாட்களில் பட்டறை சும்மா கிடக்கும். வாரமெல்லாம் கத்தியின் அலறலைக் கேட்டுப் பழகிய அக்கம்பக்கத்தார் விடுமுறையன்று ட்ரம்ஸ் சத்தம் கேட்டால் ‘இன்றைக்கு அமைதியாக இருக்கிறதே’ என்றுதான் நினைப்பார்கள். ஒரு இசைக்குழு ஒத்திகை பார்க்க அதைவிட நல்ல இடம் அமையாது.

குழுவில் நான்கு பேர். நீளக் கழுத்துக்காகக் கொக்கு என்று பெயர் வாங்கியவன் கிட்டார். அந்த எந்திரத்தை ஓட்டுபவனும் அவன்தான், சாவி அவன் இடுப்பில் தொங்கும். ட்ரம்ஸ் வாசிப்பவன் லிப்ட் வேலை கற்றுக்கொண்டிருந்தான். பாடியது அவனுடைய அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருபவர்களின் முகத்துக்குச் சட்டம் பொருத்தி, காது பின்னால் உறுத்துகிறதா என்று கேட்பாள். நான்காவது ஆள் பேஸ் கிட்டார் வாசித்தார், பிறகு வெளிநாடு போய்விட்டார். அவருக்கு இந்தக் கதையில் வேலையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. பேஸ் வாசிப்பவர்கள் பழகிப்போனவர்கள்.

இந்தக் கதை அந்த அக்காவின் தோள் பக்கத்தில் நின்றுதான் நடக்கும். அவளைப் பாடகி என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு நாள் பாட்டுக்குப் பல்லவி கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சரணம் தயார். கொக்கு எழுதியது:

வெளிச்சம் அறுக்கும் கத்தியின் மேலே
விரலை வைத்தது யார்?

“அதுக்கப்புறம் என்ன?” என்று பாடகி கேட்டாள்.

கொக்கு கழுத்தைத் திருப்பித் தகட்டைப் பார்த்தான். “அதோ எழுதியிருக்கே.”

“அது என்ன பாஷை?”

“இத்தாலி. மெஷின் அங்கேருந்துதானே வந்துச்சு.”

“அர்த்தம்?”

“தொடாதேன்னுதான் இருக்கும். கைப்படத்து மேல கோடு போட்டிருக்கான்ல.”

“ஒரு மெஷினைத் தொடாதேன்னு எழுதினதைக் காதல் பாட்டுல வைக்கிறியா?” என்றான் தம்பி.

“நீ இதுவரைக்கும் எழுதின லெட்டருக்கெல்லாம் அந்தப் பொண்ணு இதைத்தானேடா பதில் சொன்னா?”

தம்பி குச்சியை அவன் மேல் எறிந்தான். எறிந்த குச்சியைக் கொக்கு எடுத்து, பையில் போட்டுக்கொண்டான். திருப்பித் தரவில்லை.

தகட்டில் இருந்தது நொன் தொக்காரே. பாடகி ஆங்கிலத்தில் வாசிக்கிற மாதிரி வாசித்தாள்: நொன் டொக்கேர். ‘தொக்-கா-ரே’ என்று மூன்றாக நிற்க வேண்டியது ‘டொக்-கேர்’ என்று இரண்டாகச் சுருங்கியது. நான்கு தட்டு கொண்ட மெட்டில் நொன் ஒன்று, டொக் ஒன்று, கேர் ஒன்று. நான்காவது தட்டு வெறுமனே நின்றது.

கொக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு சுரத்தை வாசித்தான்.

அதை எப்படி வாசித்தான் என்று சொல்கிறேன். கிட்டாரில் ஒரு கம்பியை அழுத்திய விரலாலேயே பக்கவாட்டில் தள்ளினால், கம்பி இறுகி, சுரம் மெல்ல மேலே ஏறும். எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேர்வதற்கு ஒரு மயிரிழை முன்னால் அவன் தள்ளுவதை நிறுத்திவிடுவான். பாட்டு முழுவதும் அவன் கிட்டார் ட்ரம்ஸுக்கு அடியில் கல் அறுத்துக்கொண்டே கிடக்கும். இந்த ஓர் இடத்தில்தான் வேறெதுவும் கேட்காது. மூடியிருக்கிற வீட்டில் ஒருவர் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொள்வது போல இருக்கும்.

அந்த மாதமே ஒரு சின்னக் கூடத்தில் பாட்டைப் பதிவு செய்தார்கள். அவர்கள் சொந்தமாகச் செய்து பதிவான பாட்டு அது ஒன்றுதான்.

4

எந்திரம் பழுதாகி, அதைச் செய்த ஊரிலிருந்தே ஒரு தொழில்நுட்ப ஆள் வந்தார். கொக்குவுக்குத் தலைகால் புரியவில்லை. “இன்னிக்கு சாயங்காலம் எங்க கச்சேரிக்கு வாங்க” என்று கையைக் காலை ஆட்டிச் சொல்லி, ஒரு ஓட்டலின் மாடிக் கூடத்துக்கு அவரை அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்தான்.

பாடகி கண்ணை மூடிக்கொண்டு பல்லவியைப் பாடினாள். முதல் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு. கண்ணைத் திறந்தாள். அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். வேலை செய்கிற ஊர்களிலெல்லாம் அவர் அந்தத் தகட்டைத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார். பல ஆயிரம் மைல் தள்ளி ஒரு பெண் அந்த எச்சரிக்கையை உயிர் போகிற காதலோடு பாடுகிறாள். அவர் கேலி செய்யவில்லை, சந்தோஷத்தில் சிரித்தார். எனக்குத் தெரியும், நான்தானே எழுதுகிறேன். அவளுக்கு அது தெரிய வழியில்லை.

கச்சேரி முடிந்ததும் அவர் மேடைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, அன்போடு திருத்தினார். “தொக்காரே. தொக்-கா-ரே.” அவள் அப்போதே சரியாகச் சொல்லிவிட்டாள். காது அப்படிப்பட்டது. ஆனால் அந்தச் சிரிப்பும் காதிலேயே தங்கிவிட்டது.

அடுத்த ஒத்திகையில் சொன்னாள்: “இனிமே சரியாத்தான் பாடுவேன். நாலாவது தட்டுல ‘ரே’ வருது. அதனால நீ அந்த இடத்துல வாசிக்காதே.”

“அது என் இடம்,” என்றான் கொக்கு.

“உன் இடமா? நான் தப்பா படிச்சதால விழுந்த ஓட்டை அது.”

“ஓட்டையோ என்னவோ, நான் குடி வந்துட்டேன்ல.”

“கொக்கு, விளையாடாதே. அந்த ஆள் சிரிச்சது உன்னைப் பார்த்து இல்ல. நீ கிட்டாருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கலாம். வாயைத் திறந்தவ நான்.”

“ஒரு எழுத்துக்காகவா ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க?” என்றான் தம்பி.

“எழுத்து இல்லடா,” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டை நிறுத்தினார்கள், பிறகு ஒத்திகையை. பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. வழியில் பார்த்தால் நின்று பேசினார்கள். ஆனால் நீ, வா, போ என்று இருந்தவர்கள் எப்போதோ ‘நல்லா இருக்கீங்களா’ என்பதற்கு மாறிவிட்டார்கள். அந்த ‘ங்க’ எந்த நாளில் வந்து ஒட்டியது என்று இருவருக்குமே தெரியாது. ஒரு முறை கடைக்கு வந்து அவளிடமே கண்ணாடி வாங்கினான். அவன் முகத்துக்குச் சட்டம் பொருத்தி, “காது பின்னால உறுத்துதாங்க?” என்று கேட்டாள். “இல்லைங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கொக்கு ரொம்ப நல்லவனாக வந்துவிட்டானோ? செத்தவர்களைப் பற்றி எழுதும்போது கை தானாகச் சர்க்கரை போட்டுவிடுகிறது. கொஞ்சம் குறைக்கிறேன். யாரையும் வாய் திறந்து பாராட்ட மாட்டான். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது கம்பியை முறுக்கிச் சுருதி சேர்ப்பான். அடுத்தவர் டப்பாவைத் திறந்து, அதில் நல்லதாக இருப்பதை முதலில் தின்பான். கல்யாணமானதும் கிட்டாரை விற்றுவிட்டான், யாரிடமும் சொல்லவில்லை.*

இப்போது சரியாக இருக்கிறது. இப்போதும் அவனைப் பிடித்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

* ஏன் விற்றான் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். காரணம் நன்றாகவே இருந்தது. ஆனால் அது பாடகிக்குத் தெரியாது, அவள் தோள் பக்கத்தில் நிற்கிற நமக்கும் தெரியக் கூடாது.

6

கொக்கு போன பிறகு அவன் மகள் தம்பிக்குப் போன் செய்தாள்.

“அப்பா கிட்டார் வாசிப்பாருன்னு அம்மா சொல்றாங்க மாமா. வீட்டுல ஒரு விசில்கூட அடிச்சதில்ல அவரு. நிஜமா? ஏதாவது இருக்கா, கேக்கறதுக்கு?”

தம்பி பரணிலிருந்து பழைய ஸ்பூல் டேப்பை இறக்கி, ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எடுத்துப் போனான். அங்கே இருந்த ஒலிப்பதிவாளர் ஒரு பெண், தீராத சளி, பக்கத்திலேயே வெந்நீர் குடுவை. டேப்பை ஓட்டிக் கணினியில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: “சார், எல்லாம் நல்லா இருக்கு. குரல் மட்டும் போயிடுச்சு.”

ஏன் குரல் மட்டும்? அந்தக் காலத்து டேப் ஒரு சாலை. அதன் அகலத்தை நான்கு தடங்களாகப் பிரித்து, ட்ரம்ஸுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதிவார்கள். சாலையில் ஓரம்தானே முதலில் பெயரும்? டேப்பிலும் அப்படித்தான். குரல் ஓரத் தடத்தில் இருந்தது. சரணத்தில் பாதிச் சொற்கள் உதிர்ந்துவிட்டன, பல்லவி இருந்த இடத்தில் ஏதோ கொதிக்கிற சத்தம். உள்தடத்தில் இருந்த கிட்டாருக்கு ஒரு கீறல் இல்லை.

“அக்கா, நீ வந்து பாடிட்டா போதும்,” என்றான் தம்பி. “மத்த மூணு பேரும் உள்ளேயே இருக்கோம். நீ ஒருத்திதான் லிப்ட்ல ஏறாம கீழ நிக்கிற.”

எதைப் பேசினாலும் லிப்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவான். அவள் சிரிக்கவில்லை.

“யார் யார் கேப்பாங்க?”

“அந்தப் பொண்ணு. அப்புறம் நெட்ல போடலாம்னு…”

“நெட்லயா? அப்ப எங்க குழுவும் கேக்கும்.”

பாடகி இப்போது ஒரு சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறாள். பழைய இத்தாலியப் பாடல்கள். அவளுடைய உச்சரிப்பைக் குழுவை நடத்துபவர் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டுவார். அந்த மேடையில் நின்ற அன்று இரவே அவள் முடிவு செய்துவிட்ட விஷயம் அது: இனி யாரும் தன் வாயைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இத்தனை வருஷமாக யாரும் சிரித்ததில்லை.

“வரேன்,” என்றாள். “ஆனா சரியாத்தான் பாடுவேன்.”

“பாடு. இப்ப யாரு வேணாம்னு சொல்லப் போறாங்க?”

சொன்ன பிறகுதான் தம்பிக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவளுக்கும்.

7

கூடத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் முறை பாடினாள். நொன் தொக்காரே. அழகாக இருந்தது. ‘ரே’ நான்காவது தட்டில் போய் உட்கார்ந்தது. அதன் அடியில் ஏதோ ஒன்று அசைந்தது, அவ்வளவுதான். மனிதக் குரல் கேட்டால் மற்றதைப் பின்னுக்குத் தள்ளுவது காதின் பழக்கம். கொக்கு அங்கே இருந்தான், ஆனால் காதில் விழவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: “மேடம், அந்த கிட்டார் நோட்டை ஒரு அரைத் தட்டு தள்ளி வெச்சிடட்டுமா? நீங்க முடிச்ச பிறகு வரும். யாருக்கும் தெரியாது.”

“செய்ய முடியுமா?”

“ஒரு நிமிஷ வேலை.”

செய்தார். மூன்று பேரும் கேட்டார்கள். சுரம் வந்தது. அவள் பாடி முடித்த பிறகு, அடுத்த வரியின் ட்ரம்ஸ் மேல் இடறிக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகு மூச்சிரைக்க வந்து சேர்ந்தவன் போல.

“அவன் எதுக்கும் லேட்டா வந்ததில்ல,” என்றாள் பாடகி. “எடுத்துடுங்க. இருந்த இடத்துலயே வெச்சிடுங்க.”

“அவனா? ஒத்திகைக்கு ஒரு நாள் நேரத்துக்கு வந்திருப்பானா அவன்?” என்றான் தம்பி.

“வாசிக்கிறதுல சொல்றேன்டா.”

ஒலிப்பதிவாளர் சுரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார். “அப்ப கிட்டாரை மட்டும் தனியா ஒரு தடவை போடட்டுமா மேடம்? கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.”

போட்டார். ட்ரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. தடதடவென்று கிட்டார் மட்டும், நடுநடுவே அவன் மூச்சு விடுவது. பல்லவி வரும் இடத்தில் கொக்கு தனக்குள் முணுமுணுப்பது கிட்டாரின் மைக்கில் லேசாக விழுந்திருந்தது. அன்றைக்குப் பாடிய அவளோடு சேர்ந்து முணுமுணுக்கிறான். நொன், டொக், கேர். பிறகு வாயை மூடிக்கொண்டு, விரலால் அந்தச் சுரம்.

பாடகி ஹெட்போனைக் கழற்றவில்லை. “இன்னொரு தடவை போடுங்க” என்றாள். போட்டார். “இன்னொரு தடவை.” தம்பி வெளியே போய் நின்றுகொண்டான்.

8

முடிவுகள்.

தப்பாகவே பாடுகிறாள், கொக்கின் சுரம் கேட்கிறது, மகள் போனில் அழுகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்பிக்கை இல்லை. செத்தவனுக்காக உயிரோடு இருப்பவள் தன்னை விட்டுக்கொடுப்பது கதைகளில் ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. மேடையில் நின்று சிரிப்பை வாங்கியவள் அவள். அதை அவளிடமிருந்து யார் வாங்கிக்கொள்வது?

சரியாகவே பாடுகிறாள். இதையும் எழுதினேன். தோற்றது ஒரு சுரம்தான், மீதிப் பாட்டு முழுக்க அவன் இருக்கிறான், மகள் கேட்கலாம். நியாயமான முடிவு. ஆனால் பதில் சொல்ல முடியாத ஆளிடம் வாதத்தில் ஜெயித்து வீட்டுக்குப் போகிறவளுடைய

[இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.]

ஒரு முறை சரியாக, ஒரு முறை தப்பாக என்று மாற்றி மாற்றிப் பாடலாம் என்று தம்பி சொல்வதாக எழுதினேன். அவனே “வேணாம், கேவலமா இருக்கும்” என்று சொல்லிவிட்டான்.

9

ஆகவே இப்படி.

பாடகி தண்ணீர் குடித்துவிட்டு மைக்கின் முன்னால் வந்து நிற்கிறாள். தம்பி உள்ளே வந்துவிட்டான். “ரெடியா அக்கா?” என்கிறான். அவள் தலையாட்டுகிறாள். பாட்டு ஓடுகிறது. சரணம் முடிகிறது. நொன்.

அடுத்த ஒலி ‘தொ’வா ‘டொ’வா? சரியாகக் கேட்கவில்லை. கேட்டதுபோலத்தான் இருந்தது, சொல்ல மாட்டேன்.

அதற்கு அடுத்ததுதான் எனக்கு வேண்டும். சரியாகப் பாடினாலும் தப்பாகப் பாடினாலும் அவள் ஓர் இடத்தைக் கடந்தாக வேண்டும்: நடுவிலிருக்கிற அந்த இரட்டைக் ‘க்க’. அது எப்படி உண்டாகிறது என்று சொல்கிறேன், இதுதான் கடைசி விளக்கம். நாக்கின் பின்பகுதி எழும்பி அண்ணத்தில் ஒட்டும். காற்று உள்ளேயே நிற்கும். அந்தக் கணம் வாயிலிருந்து ஒலியே வராது. பிறகு நாக்கு விடும், விட்டதும்தான் அது என்ன சொல் என்று தெரியும். உலகத்தில் நிறையப் பேருக்கு இந்த அழுத்தி நிற்பது வராது, அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தம்பி ஒவ்வொரு முறை அவளைக் கூப்பிடும்போதும் அதைத்தான் செய்கிறான்.

அவள் நாக்கு இப்போது எழும்பி அண்ணத்தில் ஒட்டியிருக்கிறது. ஹெட்போனில் கொக்கு வாசித்துக்கொண்டே வருகிறான், அவள் எப்படி விட்டாலும் அவன் தன் தட்டில் சரியாக வந்துவிடுவான். அதில் சந்தேகமில்லை.

நான் இங்கேயே நின்றுகொள்கிறேன். நீங்கள் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் வேண்டாம், வெளியே கேட்கிற மாதிரி. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். சொல்லி முடித்ததும் ஒரு தட்டு அளவுக்குக் காத்திருங்கள், ஏதாவது கேட்கிறதா என்று.